பாலத்துக் காற்று

மூன்று வாரத்துக்கு முன் வாங்கிய ஹெல்மெட்டைப் பொன்னேரிக் கடையின் மேசை மேல் வைத்தான் தசரதன்.

“இத மாத்திக் குடுங்கண்ணா.”

கடைக்காரர் அவனுடைய மொட்டைத் தலையைப் பார்த்தார்.

“திருப்பதியா? முடி இல்லாததால லூசா இருக்கும். வளந்தா சரியாயிடும்.”

“லூசெல்லாம் இல்ல.”

“அப்புறம் இன்னா, காத்து சத்தம் உள்ள வருதா?”

“சுத்தமா வரல. நீங்க சொன்ன மாதிரியேதான்.”

“அதானே! முகம் முழுக்க மூடுற மாடலாச்சே. இதப் போயி மாத்துவாங்களா?”

“காது தெறந்த மாதிரி ஒண்ணு குடுங்க.”

“பழவேற்காட்டுப் பாலத்துல காது கிழிஞ்சிடும்பா” என்று சிரித்தார் கடைக்காரர்.

தசரதன் ஹெல்மெட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

“எங்க நைனா சவுக்குத் தோப்பு மறைவுல படகோட நிப்பாரு. அங்க காத்து தெரியாது. காலைல நான் வேலைக்குப் போறப்ப, பாலத்தத் தாண்டி நின்னு போன் பண்ணுவேன். பாலத்து மேல காதுல காத்து இரைஞ்சிருந்தா, கடலுக்குப் போவாதன்னு சொல்லிடுவேன்.”

கடைக்காரரின் சிரிப்பு நின்றது.

“இத மாட்டிக்கினு போன மொத நாளு, ‘காத்தே இல்ல, கெளம்பு நைனா’ன்னு சொன்னேன்.”

கடைக்காரர் அந்த மொட்டைத் தலையை மறுபடி பார்த்தார்.