சோக் இல்லாத கார்

“‘நல்லா ஓடுற காரைப் பிரிச்சுப் போட்டு நாசம் பண்றான் உன் புருசன்’னு குப்பமே சிரிக்குது. நான் இன்னான்னு பதில் சொல்றது?”

ஆரோக்கியமேரி போட்ட சத்தத்தில், தெருவில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

பழைய மாருதியின் பானெட்டுக்குள் குனிந்திருந்த வின்சென்ட் நிமிரவே இல்லை.

“கழட்டின கார்புரேட்டரை என் மீன்சட்டியில ஊறப் போட்டிருக்க. குழம்பு வெக்கிறது எதுலய்யா?”

“இனிமே கார்புரேட்டரே வாணாம் மேரி. பெட்ரோல் இன்ஜெக்ஷன் மாத்துறேன். சாவியத் திருப்பினா ஸ்டார்ட் ஆவும்.”

“முன்ன மட்டும் ஆவலையா? சோக் குமிழைப் பாதி இழுத்து, ஆக்சிலேட்டரை ரெண்டு மிதி மிதிச்சு, நீ தொட்டா கெளம்பிச்சில்ல? நான் தொட்டாத்தான் இருமிட்டு நின்னுடும்.”

“அதான்.”

“இன்னா அதான்? மழை வரப்போவுது. பெனிட்டாவுக்கு மூச்சிழுப்பு வந்தா புள்ளையப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு எதுல தூக்கினு போவ? உன் தலையிலயா?”

அவன் அடுத்த போல்ட்டைத் திருகத் தொடங்கினான். அதில் அவளுக்கு இன்னும் எரிந்தது.

“நேத்து மீன்புடி போட்டோட இன்ஜின் டியூபைக் கொண்டாந்து இதுல மாட்டினியே, பம்ப் ஓடினதும் வெடிச்சு, காயவெச்ச கருவாடெல்லாம் பெட்ரோல்! போட்டு மெக்கானிக்குன்னு பேரு. கார்ல எதுக்கு உனக்கு வேலை?”

“இதுல பிரஷர் ஜாஸ்தி. அந்த டியூப் தாங்கல. வேற மாத்திட்டேன்.”

“போட்டு வேலையாச்சும் ஒழுங்கா வருதா? ‘வின்சென்ட் கை முன்ன மாதிரி இல்ல’னு போட்டுக்கார எல்லப்பன் வேற ஆளைக் கூப்ட்டுக்கினான். தெரியுமா?”

“தெரியும்.”

கீழே கிடந்த ஸ்பேனருக்காக அவன் மண்ணைத் துழாவினான். மேரி அதைக் காலால் அவன் பக்கம் எத்திவிட்டாள்.

“சண்டையப் பொறவு வெச்சுக்கலாம். இந்த ஒயர் ஆரஞ்சா, சிவப்பா? பாத்துச் சொல்லு.”

“ஏன், உன் கண்ணை ஏரியில வுட்டுட்டியா?”

“சொல்லு மேரி.”

“ஆரஞ்சு! போதுமா?”

அவன் ஒயரைச் சொருகினான். பானெட்டை மூடினான்.

“ஏறு. நீ ஸ்டார்ட் பண்ணு.”

“நானா? லைசென்ஸ் எடுத்ததோட சரி. எனக்கு என்னிக்கு இது கெளம்பிச்சு?”

“ஏறுன்றேன்ல?”

முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். பழக்கத்தில் கை சோக்கைத் தேடியது. அங்கே வெறும் ஓட்டைதான் இருந்தது. சாவியைத் திருப்பினாள்.

ஒரு இருமல் இல்லை. கிளம்பிவிட்டது!

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “ஆச்சில்ல? எறங்குறேன். வந்து ஓட்டு.”

“நீயே ஓட்டு. நான் இந்தப் பக்கம் ஒக்கார்றேன்.”

காரின் உடம்பைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தான். கதவில் மேலும் கீழும் அவன் கை அலைந்தது.

“பட்டப்பகல்ல கதவுப் பிடிகூடவா தெரியல?”

“தெரியல.”

ஒருவழியாகப் பிடி கிடைத்தது. ஏறி உட்கார்ந்தான்.

“கண்ணு கொஞ்சம் கொஞ்சமாப் போவுது மேரி. சரிபண்ண முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இனிமே புள்ளைய நீதான் கூட்டினு போவணும்.”

இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவன் முகம் நேராக முன்கண்ணாடியைப் பார்த்து இருந்தது.

“யோவ்... இப்படித் திரும்பு. என்னைப் பாருய்யா.”