நாலாவது ஆள்

ஆலங்குடாக் கரையில் மீன்வாடிக் கொட்டிலுக்குப் பின்னால் நடக்கும் காட்ஸ் சீட்டாட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். அங்கே தோணி எஞ்சினைப் பந்தயம் வைத்துத் தோற்ற நஜாத், ஆட்டத்தை விட்டு ஒன்பது மாதமாகிறது. அவன் இடத்துக்கு யாரும் வரவில்லை. ஆனாலும் ஆட்டம் ஒருநாளும் நிற்கவில்லை.

இன்று காலை, கூலிக்குக் கரைவலை இழுத்து வாங்கிய எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு அவன் வாடியைக் கடந்தான். மனைவி முஃப்லிஹா எண்ணெய்க் கேனோடு கூட நடந்தாள். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் அந்த வழியால் வந்தார்கள்.

“அங்க பாரு நஜாத், ஒன்னப் போலவே ஒருத்தன் எஞ்சின் தூக்கிட்டுப் போறான்!” என்று ஆட்டத்தில் இருந்த ஜபார், தனக்கு எதிரே சீட்டோடு இருந்தவனிடம் சொல்லிச் சிரித்தான்.

நஜாத் திரும்பாமல் நடந்தான். முஃப்லிஹா திரும்பிப் பார்த்தாள். எதிரே இருந்தவனுக்கு அவள் கணவனின் முகம், இன்னும் மெலிந்து. அவள் எப்போதோ கிழித்துக் கரித்துணியாக்கிய நீலச் சட்டையை அவன் போட்டிருந்தான்.

எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. தோணி அலையைத் தாண்டியதும் முஃப்லிஹா அதே வழியால் திரும்பி வந்து, அந்த நீலச் சட்டைக்காரன் முன்னால் நின்றாள்.

“என்ட புருசன் கடலுக்குப் போயிட்டார்” என்றாள், தலையை நிமிர்த்தி.

அவன் தலை குனிந்துகொண்டு, நாலு பேருக்கும் காட்ஸைப் பகிரத் தொடங்கினான்.