எழ மறுக்கும் எலும்புக்கூடு

பிற்பகல் வெயில் ஜன்னல் திரையின் இடுக்கு வழியே மேஜைமேல் கோடு கோடாக விழுகிறது. கணினியில் ஓர் எலும்புக்கூடு நாற்காலியை விட்டு லேசாக எழும்பி, பாதியிலேயே நின்றுவிடுகிறது. எந்தத் தசை எவ்வளவு இழுத்தால் எழலாம் என்று மென்பொருள் தேடிக்கொண்டே இருக்கிறது. திரையின் ஓரத்தில் ஓடும் எண், கணக்கிலுள்ள பிழையின் அளவு, மட்டும் குறைய மாட்டேன் என்கிறது. இந்தக் கணக்கு முடிந்தால்தான், எழுவதற்கு உதவும் முழங்கால் பட்டைக்கு எவ்வளவு வலுவான ஸ்பிரிங் வேண்டும் என்று தெரியும். பட்டை, பக்கத்தில் நிற்கும் பிசியோதெரபிஸ்ட் தோழியின் அத்தைக்கு. சாயங்காலம் அத்தை வருகிறார்.

“அத்தையாவது என் கையைப் பிடிச்சு எழுந்துடுவாங்க. உன் ஆளு அசையவே மாட்டேங்குறானே!” என்கிறாள் பிசியோ. “எல்லா எண்ணையும் மாத்திப் பாத்துட்டேன்டி,” என்று தலையைச் சொறிகிறாள் கணினி முன் உட்கார்ந்திருக்கும் பொறியாளர். பிசியோ ஸ்டூலில் உட்கார்ந்து, எலும்புக்கூட்டைப் போலவே கால்களை நீட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு எழப் பார்க்கிறாள். தொப்பென்று திரும்ப விழுகிறாள். “அடியே, இப்படிக் காலை நீட்டினா யாரால எழ முடியும்? யாரு இவனை இப்படி உக்கார வச்சது?” உட்கார வைத்தவள் மேஜைக்கு அடியில் குனிந்து பார்க்கிறாள். அவள் கால்களும் அப்படியேதான் நீண்டு கிடக்கின்றன. இருவரும் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள்.

எலும்புக்கூட்டின் பாதங்களை முழங்காலுக்கு அடியில் இழுத்து வைத்து, கணக்கை மறுபடி ஓட விடுகிறாள் பொறியாளர். பிழை சரசரவென்று இறங்குகிறது. எலும்புக்கூடு முன்னால் சாய்ந்து, இடுப்பைத் தூக்கி, நிமிர்ந்து நிற்கிறது. பிசியோவின் காதில் ஏற்கெனவே போன். “தைரியமா வாங்க அத்தை. உங்களுக்கு முன்னாடி இங்க ஒருத்தன் எழுந்துட்டான்.”