அந்தப் பையன் மட்டும் வேண்டாம்

"அந்தப் பையனை மட்டும் எடுத்தாங்கன்னு வை, நான் போட்டிருக்கிற இந்த டீம் சட்டையை இங்கேயே கொளுத்திடுவேன்!"

வார்கோ கத்திய கத்தலில் டோரீனின் பாரில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மீதிப் பேர் ஒரு மாதமாக இதையே கேட்டுக் காது புளித்துப் போனவர்கள்.

வியாழக்கிழமை மாலை. அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பெரிய அணிகள், அதிகம் தோற்றவருக்கே முதலிடம் என்று முறை வைத்துப் பொறுக்கி எடுக்கும் டிராஃப்ட், டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷம் பதினேழு ஆட்டத்தில் பதினாலு தோற்ற பெருமைக்காக, டொலிடோ ஆங்கர்ஸ் அணிக்கு நாலாவது முறை கிடைத்திருந்தது.

"கோல்பி ஸ்ட்ராண்டுக்கு என்னய்யா குறைச்சல்?" என்றார் லாமர், சிக்கன் இறக்கையைக் கடித்தபடி. "நின்ன இடத்துலேர்ந்து அறுபது கெஜம் எறியறான். பந்தை எறிய நமக்கு ஒரு குவார்ட்டர்பேக் வேணுமா வேணாமா?"

"ஒன்பது வருஷத்துல பதினோரு குவார்ட்டர்பேக்கைப் பார்த்தாச்சு. ஒருத்தனுக்கு முழங்கால் போச்சு, ஒருத்தனுக்குத் தோள்பட்டை. போன வருஷம் வந்தவன் மண்டையில மூணு தடவை அடி வாங்கி, இப்ப வளர்த்த நாய் பேரே தெரியாம முழிக்கிறான். எறியறவன் என்னய்யா பண்ணுவான்? அவனைக் காப்பாத்த நிக்கிற அஞ்சு பேரும், தியேட்டர் வாசல்ல டிக்கெட் கிழிக்கிறவங்க மாதிரி வர்றவனையெல்லாம் உள்ள விட்டா?"

பார் முழுக்கச் சிரித்தது. வார்கோ சிரிக்கவில்லை. அவர் முன்னால் இருந்த பீரில் நுரை எப்போதோ அடங்கிப் போயிருந்தது.

"சரி, உன் திட்டம்தான் என்ன? சொல்லு, மேனேஜர் சார்" என்று டோரீன் சீண்டினாள்.

"நாலாவது முறையை எவன் தலையிலயாவது கட்டிட்டு, பதிலுக்கு ரெண்டு முறை வாங்கணும். ரெண்டுலயும் மலை மாதிரி தடுப்பாட்டக்காரனா எடுக்கணும். அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு பேரு. சுவரைக் கட்டி முடிச்சிட்டு, மூணாவது வருஷம் எறியறவனைக் கூட்டிட்டு வா. கூரையே போடாத வீட்டுல எவனாவது தொட்டில் கட்டுவானா?"

"இதைப் போய் அவங்ககிட்ட சொல்றதுதானே?"

"ஆறு பக்கம் எழுதி ஆபீசுக்கு அனுப்பினேன். 'உங்கள் ஆதரவுக்கு நன்றி'ன்னு ஒரு சாவி வளையத்தை அனுப்பி வெச்சானுங்க. படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தாத்தானே அந்த ஆபீசுல!"

மூன்றாவது அணி தன் ஆளை எடுத்து முடித்தது. திரையின் மூலையில் டொலிடோவுக்கான பத்து நிமிஷக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. காமிரா அரங்கத்தில் காத்திருந்த பையன்களை ஒவ்வொருவராகக் காட்டியது.

"அதோ, டெவோன் பிக்கெட்!" வார்கோ எழுந்தே விட்டார். "முந்நூத்தி முப்பது பவுண்டு. அம்மா பள்ளிக்கூடத்துல சமையல் வேலை. நாலு வருஷத்துல ஒரே ஒருத்தன்தான் அவனைத் தாண்டிப் போயிருக்கான். இவனை எடுத்தாக்கூட இந்த முட்டாளுங்களை மன்னிச்சிடுவேன்."

அடுத்து கோல்பி ஸ்ட்ராண்ட் தெரிந்தான். நீலக் கோட்டு, ஒல்லிக் கழுத்து. பக்கத்தில் ஒரு பெண்மணியும், கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கும் ஒரு நரைத்த தலைக்காரரும்.

"பாவம், அப்பாவுக்கு இப்பவே கண்ணு கலங்குது பாரு" என்றாள் டோரீன்.

"அது அப்பா இல்ல. அம்மா ரெண்டாவதா கட்டிக்கிட்டவர். ஸ்ட்ராண்டுங்கிறது அவரோட பேரு."

"அடேங்கப்பா! அந்தக் கல்யாணத்துக்கு நீதான் கேக் வெட்டினியா?" என்றார் லாமர்.

"டிராஃப்ட்னா எல்லாத்தையும் படிக்கணும். உன்னை மாதிரி கோழி தின்னுட்டுக் கை தட்டறது இல்ல."

திரையின் அடியில் ஒரு வரி ஓடியது: டொலிடோ தன் முறையை விட்டுக்கொடுக்க வேறொரு அணியோடு பேசுகிறதாம். வார்கோ மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கொடுத்துடுங்கடா" என்று முணுமுணுத்தார். "வாழ்க்கையில ஒரு தடவையாவது புத்தியோட நடந்துக்குங்கடா."

கடிகாரத்தில் ஒரு நிமிஷம் மிச்சமிருக்கும்போது, கோட்டு போட்டவர் ஒருவர் சீட்டோடு மேடைக்கு வந்தார். பேரம் படியவில்லை.

"டொலிடோ ஆங்கர்ஸ் தேர்ந்தெடுப்பது... குவார்ட்டர்பேக் கோல்பி ஸ்ட்ராண்ட்!"

பார் அதிர்ந்தது. முன்பின் தெரியாதவர்கள்கூடக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். லாமர் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஊளையிட்டார். டிவியில் அந்தப் பையன் அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு மேடையில் சிரித்தான், கையை ஆட்டினான், திரைக்குப் பின்னால் போனான். விளம்பரம் வந்தது.

வார்கோ மட்டும் அசையாமல் நின்றார்.

"என்ன வார்கோ, தீப்பெட்டி தரட்டுமா?" என்றாள் டோரீன்.

"கொலைகாரப் பசங்க" என்றார் அவர். அவ்வளவுதான்.

"இப்படியும் ஒரு ரசிகனா! ஊரே கொண்டாடுது, இந்தாளுக்கு மட்டும் வயித்தெரிச்சல்" என்று லாமர் மேலேயிருந்தே கத்தினார். "ஒரு சின்னப் பையன் மேல அப்படி என்னய்யா வெறுப்பு உனக்கு?"

பதில் சொல்ல வார்கோ வாயெடுத்தபோது, பாக்கெட்டில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். கூச்சலைத் தள்ளிக்கொண்டு வாசல் பக்கம் போய், ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.

"பார்த்தேன்டா மகனே... பந்து போனாப் போகுது, நீ தலையைப் பாத்துக்கோ."