குழாயை மூடிய கை

"அதை ஓடவிடாதே, சில்லா. நான்தான் குழாயை மூடினேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தர்றேன். மெஷினை அணைச்சிடு."

வில்மோஷ் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சில்லா சிரித்தாள்.

"நாற்பத்தெட்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் வாய் வந்துச்சா, சித்தப்பா?"

அம்மாவின் அடக்கத்துக்கு அவர் கொண்டுவந்த மலர்வளையத்தைக் கல்லறைத் தோட்ட வாசலுக்கு வெளியே வீசியவள் அவள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. போன வாரம்தான் ஒரு வரி எழுதிப் போட்டாள்: 'மெஷின் தயார். தைரியம் இருந்தால் வாருங்கள்.' சோல்னோக்கிலிருந்து ரயிலேறி, எண்பது வயதில், அவளுடைய புடாபெஸ்ட் அலுவலகத்துக்கு மூன்று மாடி ஏறி வந்திருந்தார். அவர் கொண்டுவந்த பொகாச்சா ரொட்டிப் பொட்டலம் மேஜையில் பிரிக்காமலே கிடந்தது.

அதன் பக்கத்தில் ஒரு பழைய தட்டச்சுத் தாளின் நகல். ரகசியப் போலீஸ் ஒட்டுக்கேட்டு எழுதி வைத்தது. ஆவணக் காப்பகத்திலிருந்து அதையும் ஒலிநாடாவையும் வாங்க அவள் நடையாய் நடந்திருக்கிறாள்.

எல்லை தாண்டி யூகோஸ்லாவியாவுக்குப் போய்விடும் திட்டத்தை, அன்று சமையலறையில் அப்பா தம்பி வில்மோஷிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சுவருக்குள் மைக் இருக்கலாம் என்று குழாயை முழுக்கத் திறந்து வைத்திருந்தார். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நாடாவில் நாற்பது நிமிடம் வெறும் தண்ணீர். பிறகு, தாளில் 'நீர்ச்சத்தம் நின்றது' என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே கிழமை, ரயில், எல்லைக் கிராமத்தின் பெயர், எல்லாம் பளிச்சென்று. பேச்சு மும்முரத்தில் குழாய் நின்றதை அப்பா கவனிக்கவில்லை போலும்.

அப்பாவை ரயில் நிலையத்திலேயே பிடித்தார்கள். மூன்று வருடம் கழித்து ரத்தமாய் இருமிக்கொண்டு திரும்பி வந்தவர், ஒரு வருடம் தாங்கவில்லை.

அன்று சமையலறை மேஜையில் இருந்தது இரண்டே பேர். அம்மா நூற்பாலையில் வேலைக்குப் போயிருந்தாள். வில்மோஷையும் பிடித்தார்கள், ஆனால் இரண்டே நாளில் வெளியே விட்டார்கள். ஏன் என்று கேட்கும்போதெல்லாம் அம்மா எழுந்து போய்விடுவாள்.

இந்தத் தொழிலுக்கே சில்லா வந்தது அந்த நாடாவுக்காகத்தான். அவள் சொன்ன மெஷின், ஹங்கேரியப் பேச்சைக் கேட்டு எழுதும் மென்பொருள். பதினோரு வருட உழைப்பு. ஒரே சொல்லின் வாலில் நாலைந்து ஒட்டுகள் தொங்கும் மொழி. அந்த வால் தண்ணீரில் கரைந்துவிட்டால் யார், யாரிடம், எங்கே என்பதே போய்விடும். செய்தி வாசிப்பவர்களைக் கேட்டுப் பழகிய மென்பொருளுக்குச் சமையலறைப் பேச்சு பிடிபடவே இல்லை. நீர்ச்சத்தம் நிற்பதற்கு முந்தைய ஒன்பது விநாடியை ஒவ்வொரு முறையும் 'இரைச்சல்' என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போனது.

இந்த மாதம்தான் குடிகாரர்கள், கிழவர்கள், பள்ளிப் பிள்ளைகள், பல் போனவர்கள் என்று எல்லாக் குரலையும் திரட்டிப் புதிதாகப் பழக்கி முடித்திருந்தார்கள். நாடாவை அதற்கு அவள் இன்னும் கொடுக்கவில்லை. வில்மோஷை எதிரில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தாள்.

வில்மோஷ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தன்னை எல்லோர் முன்னாலும் காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லிக்கொள்ளட்டும், பேப்பரில் போடட்டும், சாகும்வரை முகத்திலேயே விழிக்க வேண்டாம், இதை மட்டும் விட்டுவிட வேண்டும் என்று கெஞ்சினார்.

"என்னைத் திட்டிக்கிட்டே இரு, அம்மாடி. எனக்குப் பழகிப்போச்சு."

"அஞ்சு வயசுல எங்கப்பாவைப் போலீஸ்கிட்ட பறிகொடுத்தவ நான். நீங்க இப்ப சொல்றது எனக்கு வேணாம். குழாய்கிட்ட நின்னு அன்னிக்கு என்ன சொன்னீங்களோ, அதை உங்க குரல்லயே கேக்கணும்."

கையை உதறிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். தண்ணீர் ஓடியது. திரையில் அப்பாவின் துண்டு துண்டான வார்த்தைகள் ஏறின. வில்மோஷின் இருமல். பிறகு அந்த ஒன்பது விநாடி.

வில்மோஷ் எழுந்து, இரண்டு கைகளாலும் திரையை மறைக்கப் பார்த்தார். அதற்குள் எழுத்துகள் அவர் விரல்களுக்கு நடுவே வந்துவிட்டன:

'குழந்தைக் குரல்: தண்ணியை வீணாக்கினா டீச்சர் திட்டுவாங்க. சில்லாவே மூடிடறேன்.'