பெருசையே போடு

"பெருசையே போடுங்க" என்றாள் செண்பகவல்லி.

காரைக் கொண்டுவந்திருந்த ஆபிதாவின் முகம் மலர்ந்தது. அவள் ஆசைப்பட்டதும் அதற்குத்தான்.

கராஜ் மேஜைமேல் இரண்டு இன்டர்கூலர்கள் கிடந்தன. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரச்சொல்லி குர்லா கடைக்காரர் அனுப்பியவை. ஒன்று, முன் பம்பரின் அகலத்துக்குப் பளபளவென்று நீண்டது. இன்னொன்று அதில் பாதிதான், குட்டையாக, பார்வைக்கு ஒன்றுமில்லாதது.

நம்பிராஜன் மனைவியை நிமிர்ந்து பார்த்தான். தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் அந்த கராஜைத் திறந்து பதினோரு வருடம். ஸ்பேனர் பிடிப்பது அவன். எந்த வண்டிக்கு எது பொருந்தும் என்று சொல்வது அவள்.

"ஞாயித்துக்கிழமை இந்தப் பிள்ள ஐரோலி மைதானத்துல கூம்பு வச்சு வளைஞ்சு ஓட்டுற பந்தயத்துக்குப் போகுது. அதுக்குச் சின்னது போதாதா?"

"நான் சொன்னதப் போடுங்க."

அவன் மறுபடி கேட்கவில்லை. இதுவரை அவள் சொல்லி எதுவும் தப்பாகப் போனதில்லை.

டர்போ அமுக்கித் தரும் காற்று கொதிக்கும். அதை ஆறவைத்து இன்ஜினுக்குள் அனுப்புவதுதான் இன்டர்கூலர். பெரியது நன்றாகவே ஆறவைக்கும். ஆனால் அதன் வயிறு நிரம்பிய பிறகுதான் இன்ஜினுக்குக் காற்று போய்ச் சேரும். நேர் ரோட்டில் அது தெரியாது. கூம்புக்குக் கூம்பு வளைந்து, காலை எடுத்து எடுத்து மிதிக்கிற பந்தயத்தில் ஒவ்வொரு மிதிக்கும் வண்டி ஒரு கணம் பிந்தும்.

செண்பகவல்லிக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

ஆபிதா செம்பூர்க்காரி. ஐரோலியில் கம்ப்யூட்டர் வேலை. இருபத்து நாலு வயது. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, சிவப்புக் காரின் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட டப்பாவில் உட்கார்ந்து, நம்பிராஜன் கேட்ட சாமான்களை எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.

பம்பர் இறங்கியது. பழைய கூலர் வெளியே வந்தது. புதியது உள்ளே போக இடம் போதாமல் இரண்டு இடத்தில் தகட்டை அறுக்க வேண்டியிருந்தது. வேலைக்கு நடுவே அவன் ஏதோ சொல்வான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அப்புறம் இன்னும் கிட்டக் குனிந்து, மேலே சொல்லுங்கள் என்பதுபோல் தலையாட்டுவாள்.

எதிர்க் கடையிலிருந்து டீ கொண்டுவந்த நெல்லையப்பன் கிளாசை வைக்கிற சாக்கில் மெதுவாகச் சொன்னான்: "மதினி, அண்ணாச்சி இன்னைக்கு ரொம்பத்தான் சிரிக்காரு."

செண்பகவல்லி டீயை எடுத்துக்கொண்டாள். அவள் வயிறு காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது.

இந்தப் பெண்ணுக்கு என்ன குறை. விடிந்தால் சாவியை எடுக்கலாம். எங்கே வேண்டுமானாலும் போகலாம். தோற்றால்தான் என்ன, அடுத்த ஞாயிறு இருக்கிறது. ஒரு தடவை தோற்கட்டும்.

குழாய்களை மாட்டி, கிளாம்ப்புகளை முடுக்கி, காற்றடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான் நம்பிராஜன். ஒரு இடத்தில் நுரை கொப்பளித்தது. கழற்றி மறுபடி மாட்டினான். மூன்று மணிக்குப் பம்பர் ஏறியது.

ஆபிதா ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். இன்ஜினை அணைக்காமல் இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்போ நீங்க ஒரு ரவுண்டு போங்கக்கா. காலையில இருந்து அண்ணன் உங்களப் பத்தியேதான் சொல்லிட்டிருக்காரு. கல்யாண் பந்தயத்துல நீங்க பதினாறு பேர முந்தினது, கப்ப வாங்காம பசிக்குதுன்னு வடாபாவ் கடைக்குப் போனது, எல்லாம்."

நம்பிராஜன் துணியில் கையைத் துடைத்தபடி தரையைப் பார்த்தான்.

செண்பகவல்லி காரைச் சுற்றிக்கொண்டு போய் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"நீயே ஓட்டு. நான் பாக்கேன்."

பக்கத்தில் ஆபீஸ் கட்டடங்களாக நிற்கும் பி.கே.சி.யின் அகலத் தெருக்களுக்குப் போனார்கள். வளைவில் காலை எடு, உடனே மிதி என்றாள். ஆபிதா மிதித்தாள். அதே கணம் செண்பகவல்லியின் வலது காலும் பெடல் இல்லாத தரையை அழுத்தியது. வண்டி யோசித்துவிட்டுப் பாய்ந்தது.

இன்னொரு வளைவு. மறுபடியும் அப்படித்தான்.

ஆபிதாவின் முகம் சுருங்கிவிட்டது. "சாரிக்கா. என் கால்தான் லேட்டாகுது போல. நான் இன்னும் நல்லா பழகணும்."

மூன்றாவது வளைவு வந்தது. அவள் பயந்து பயந்து மிதித்தாள்.

"ஓரமா நிறுத்து" என்றாள் செண்பகவல்லி. "உன் கால் சரியாத்தான் இருக்கு. சின்னதுதான் உனக்குச் சரி. நான் வேணும்னேதான் பெருசச் சொன்னேன். கராஜுக்குப் போனதும் மாத்தச் சொல்லுதேன்."

ஆபிதா அவளையே பார்த்தாள். டீ வைக்கும்போது நெல்லையப்பன் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். "அக்கா, அண்ணன் கூட நான் சும்மாதான் பேசிட்டிருந்தேன்" என்றாள் மெதுவாக.

தெருவே அப்படித்தான் நினைத்தது. செண்பகவல்லி பந்தயத்துக்குப் போவதை நிறுத்தியதற்கும், வண்டி ஓட்டுகிற பெண்கள் வந்தால் முகம் மாறுவதற்கும், புருஷன்மேல் சந்தேகம் என்று காரணம் சொன்னது. அவள் மறுத்ததே இல்லை. அந்தப் பேச்சு இருப்பது ஒருவகையில் வசதியாக இருந்தது.

"ரெண்டு வருசமா வலிப்பு மாத்திர சாப்பிடுதேன், ஆபிதா. ஸ்டியரிங்கத் தொடக்கூடாதுன்னுட்டாரு டாக்டர்."