துவைக்காத கவுன்

வளர்மதி கொண்டுவந்த மஞ்சள் கவுனில் கழுத்தோரம் பால் கறை இருந்தது. இறந்துபோன அவளுடைய கைக்குழந்தையின் கவுன் அது. மகளின் படத்தை அந்தத் துணியிலேயே பதித்து, தலையணையாகத் தைத்துத் தரவேண்டும். "துவைச்சிடாதீங்க அக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

துணியில் படம் பதித்துத் தைத்துத் தரும் ரெஜினா துவைக்கவில்லை. தையலைப் பிரித்தாள். படத்தை வைக்கும் முன், வழக்கம்போல் துணியை மட்டும் படத்தைச் சூட்டில் பதிக்கும் ஹீட் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினாள். துணியில் ஈரம் இருந்தால் படத்தின் முகத்தில் திட்டு விழும். மூடியைத் தூக்கியபோது ஆவியோடு குழந்தை வாசனை எழுந்து அறையெங்கும் நின்றது. புழுக்கம் தாங்காமல் மின்விசிறியைப் போட்டாள். அதன் பிறகு பதித்த படத்தில் ஒரு திட்டுகூட இல்லை.

மறுநாள் வந்த வளர்மதி படத்தைப் பார்க்கவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்தாள். திருப்பி, மறுபக்கத்திலும் புதைத்தாள். ஓரத் தையலை விரலால் நெம்பி மோந்து பார்த்தாள்.

"துவைச்சீங்களா?"

"இல்லம்மா. சூடு வச்சேன். அதுல வாசம் போயிருச்சு."

"போகும்போது பக்கத்துல இருந்தீங்களா?"

ரெஜினா ஆமென்று தலையாட்டினாள்.

வளர்மதி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க அக்கா."